குளம்புக்கு மேலே

மயிர் என்ற சொல்லை
எங்கள் வீட்டில் கூசாமல் சொல்லலாம்.
பிழைப்பே அதில்தான்.
முழங்காலுக்குக் கீழே தொடங்கி
குளம்பை மூடி
மண்ணைக் கூட்டிக்கொண்டே நடக்கும்
வெள்ளை மயிர்.

உதகையில் ஒரு எஸ்டேட் ஏலத்துக்கு
டிராக்டர் வாங்கப் போன என் வீட்டுக்காரர்
இந்தப் பெட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.
மரம் இழுத்த சாதி.
கதவகலத்துக்கு மார்பு.
கேட்டால், "இதுக்கு டீசல் வேண்டாம்" என்றார்.
காங்கயம் வெயிலில் அது
நாக்கைத் தொங்கவிடாத குறையாக நின்றது.
மோட்டாரைப் போட்டு
மதியம் முழுக்க முதுகில் தண்ணீர் விட்டோம்.
வழிந்த நீரில் சோளம் ஒரு வயல் விளைந்தது.

கொறங்காட்டில் மேயவிட்டால்
கொழுக்கட்டைப் புல்லை வயிற்றிலும்
மற்றதையெல்லாம் காலிலும் கொண்டுவரும்.
நாயுருவி, நெருஞ்சி, ஒட்டுப்புல்,
ஒருமுறை யாருடையதோ ஒரு கொலுசுத் திருகு.
தேங்காயெண்ணெய் தொட்டு
நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்க வேண்டும்.
ஒரு காலுக்கு அரைமணி.
சென்னிமலை முருகன் முன்னால்கூட
நான் இவ்வளவு நேரம் முட்டி போட்டதில்லை.

பஞ்சுக்காலன் அதன் இரண்டாவது ஈற்று.
ஒரு வயதில் முள்கம்பியில் பாய்ந்தான்.
இடது பின்னங்கால், பதினான்கு தையல்.
ஆறிவிட்டது.
மயிர் வளர்ந்து மூடியும் விட்டது.
நெடுந்தூரம் ஓடிய இரவில் மட்டும்
அந்த இடம் லேசாகச் சுடும்,
கை வைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தியூர் ஆடிச் சந்தை.
காற்று குடைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.
பல்லடத்துக்காரர், கல்யாணச் சாரட்டு வைத்திருப்பவர்,
சுழி பார்த்தார், பல் பார்த்தார்,
வாலைத் தூக்கி அங்கேயும் பார்த்தார்.
காலைப் பார்த்ததும் போனை எடுத்துப் படம் பிடித்தார்.
"பொண்ணு மாப்பிள்ளைய யாரு பாக்கப் போறாங்க?"
என் கொழுந்தன் தங்கவேலு சிரித்தான்.
இருவர் கையும் துண்டுக்குள் போயின.
துண்டு நெளிந்தது, நின்றது, மறுபடி நெளிந்தது.
வெளியே வந்தபோது மூன்று லட்சத்து இருபது.

"ஒரு நிமிசமுங்க."

முட்டி போட்டேன்.
பின்னங்கால் மயிரை வகிடு பிரித்து
உள்ளே படுத்திருந்த அந்தப் பூரானைக் காட்டினேன்.
தங்கவேலு வாயிலிருந்த வெற்றிலையை
மெல்ல மறந்தான்.
பக்கத்தில் ஒரு மட்டக்குதிரை மூத்திரம் பெய்தது,
அது முடியும்வரை யாரும் பேசவில்லை.

பல்லடத்துக்காரர் குனிந்து பார்த்தார்.
விரலால் தடவினார்.
எழுந்து, துண்டை உதறி,
இந்த முறை என் பக்கம் நீட்டினார்.

இருபது வருடம் குதிரை வளர்த்திருக்கிறேன்,
அந்தத் துணிக்குள் இருட்டு
இவ்வளவு வெதுவெதுப்பாய் இருக்குமென்று தெரியாது.
அவர் என் இரண்டு விரலை மடக்கினார்.
நான் ஒன்றை நிமிர்த்தினேன்.

இரண்டு எண்பது.
பெருந்துறை தாண்டும்வரை தங்கவேலு
ரோட்டோடு மட்டும் பேசினான்.
"நாப்பதாயிரத்துக்கு ஒரு வகிடு" என்றான் பிறகு.
நான் காலி லாரியின் தாம்புக்கயிற்றை
மடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
அழவில்லை என்று சொல்ல மாட்டேன்,
ஆனால் அது பணத்துக்காக அல்ல.

புரட்டாசியில் ஒரு போன்.
"அக்கா, ஒட்டுப்புல்லு ஏறிக் கெடக்குதுங்க.
நாளைக்கு முகூர்த்தம். வெட்டிடட்டுங்களா?"

கத்திரியைக் கீழ வைங்க, என்றேன்.
எண்ணெய் இருக்குதுங்களா?
சரி.
பின்னங்கால்ல இருந்து ஆரம்பிங்க,
இடது.
முட்டி போட்டாச்சா?