இருபத்தேழு புள்ளி இரண்டு

ஆறாயிரத்து ஐந்நூறு சொன்னார் எபினேசர்.
காட்பாடி ரயில்வே குடியிருப்பு, மூன்றாவது மாடி.
காயும் துணிகளுக்கு நடுவே
ஆணியில் தொங்கியது வெறும் ஃப்ரேம்.
சக்கரமில்லை, செயினில்லை, ஹேண்டில்பாரில்லை.
பக்கவாட்டில் ஒரு பேர் இருந்தது.
எந்த தேசத்துப் பேரென்று அவருக்கும் தெரியாது.
"நாலு பேர் கேள்விப்பட்டிருந்தா
நாப்பதாயிரம் சொல்லியிருப்பேன் தம்பி."

நான் எக்ஸ்ரே எடுக்கிறவன்.
நாளொன்றுக்கு அறுபது எலும்பு.
குழாய்கள் கூடும் இடத்து வெல்டிங் தழும்புகளை
சேர்ந்துவிட்ட முறிவைத் தடவுவதுபோல் தடவினேன்.
ஐந்து ரூபாய்க் காசால்
ஒவ்வொரு குழாயாகத் தட்டிக் கேட்டேன்.
எங்கும் ஒரே குரல்.
அடிக்குழாயில் மட்டும் ஒரு கீறல்,
பெயின்டோடு நின்றுவிட்டது.

ஐந்தாயிரத்து எண்ணூறுக்கு முடிந்தது.
ஷேர் ஆட்டோவில் என் மடியில் பாதி,
ஆப்பிள் கூடை வைத்திருந்த அம்மாளின் மடியில் பாதி.
"இன்னாபா இது, ஜன்னலா?"
"சைக்கிளும்மா."
"மீதி எங்க?"

மீதி வந்துசேர நான்கு மாதம்.
பொங்கல் போனஸில் சக்கரங்கள்.
ராத்திரி டியூட்டிக் காசில் பிரேக்.
பெடல்கள் எபினேசர் சும்மா கொடுத்தவை,
இடது கீச்சிடும்.
சைதாப்பேட்டை முஸ்தாக் பூட்டிக் கொடுத்தார்,
சென்னையில் இருப்பதல்ல, எங்கள் வேலூர்ச் சைதாப்பேட்டை.

ஓட்டினால் சீட்டு இறங்கியது.
ஃப்ரேமின் வாய் இருபத்தேழு புள்ளி இரண்டு.
கிடைத்த கம்பி இருபத்தாறு புள்ளி எட்டு.
அரை மில்லிகூட இல்லாத அந்த இடைவெளியில்
கணியம்பாடி போவதற்குள்
நெஞ்சுக்கு வந்துவிட்டது முழங்கால்.
முஸ்தாக் கூல்ட்ரிங்ஸ் டப்பாவை நறுக்கிச் சுற்றினார்.
மூன்று நாள்.

பிறகு நான்
ஸ்டோர் ரூமில், ஆடிப்போனதால் கழித்துப்போட்ட
பழைய ஃபிலிம் ஒன்றை எடுத்தேன்.
யாரோ ஒருவரின் முழங்கை.
பேர் எழுதிய ஓரத்தை முதலில் வெட்டி எறிந்தேன்,
மிச்சத்தில் ஒரு பட்டை கத்தரித்துச் சுற்றினேன்.
இறுகியது.
ஏறி உட்கார்ந்தேன். நகரவில்லை.

ஞாயிறு, விடியாத நாலரை.
தொரப்பாடியைத் தாண்டியதும் நாய்கள் விட்டுவிட்டன.
அமிர்தி காட்டுச் சாலையில் ஏற்றம்.
அலுமினியம் எதையும் மறைக்காது,
ஒவ்வொரு ஜல்லியையும் உள்ளங்கையில் சொல்லிவிடும்.
என் மூச்சு, கீச்சு, மூச்சு, கீச்சு.
இறக்கத்தில் மிதிக்காமல் விட்டேன்.
கீச்சும் நின்றது.
காதில் காற்று மட்டும்.

டீக்கடையில் மூன்று பேர், சென்னைக்காரர்கள்,
ஹெல்மெட்டிலும் சாக்ஸிலும் ஒரே எழுத்து.
ஒருவர் என் வண்டியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.
"என்ன பிராண்டுங்க? கேள்விப்பட்டதே இல்லையே?"
ஆற்றில் தண்ணியில்லை, கோட்டையில் ராஜாவில்லை என்று
இல்லாததை எண்ணியே பேர்வாங்கிய ஊருங்க இது,
அந்தக் கணக்கில் இதையும் எழுதிக்கோங்க என்றேன்.
டீ நன்றாக இருந்தது.

நேராகக் காட்பாடிக்கு விட்டேன்.
ஒன்பது மணிக்கே பாலாற்றுப் பாலம் கொதித்தது.
எபினேசர் லுங்கியோடு மூன்று மாடி இறங்கி வந்தார்.
பிரேக்கை அமுக்கினார், சக்கரத்தைச் சுற்றிவிட்டார்,
குடியிருப்பை ஒரு வட்டம் போய்வந்தார்.
வேர்வையைத் துடைத்துக்கொண்டு
"பதினஞ்சாயிரம் தரேன், திருப்பிக் குடுத்துடு" என்றார்.

ஃப்ரேம் உங்களுடையதாக இருந்தது, சரி.
உள்ளே இருக்கும் முழங்கை
யாருடையதென்று தெரியாமல் எப்படி விற்பது?
அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.
எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து
இடது பெடலில் இரண்டு சொட்டு விட்டார்.

பாலம் பாதி தாண்டும்வரை சத்தமில்லை.
அப்புறம் கீச்.