பாக்கி இருபது

ரேஷன் கடை வரிசையில் உறைபனி மிதித்து நின்றுவிட்டு
கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள் விமலேஸ்வரி.
பொங்கல் பரிசு, இரண்டு ஐநூறு.
ஒன்று அரிசி டப்பாவுக்குள் போனது.
இன்னொன்றை என் காக்கிச் சட்டைப் பையில் செருகி,
"போ, உன் செல்லாக் காசு ஏதாவது வாங்கு.
கணக்குக் கேட்கமாட்டேன்.
ஆனால் கண்ணில் காட்டணும்" என்றாள்.

பத்தொன்பது வருஷமாய்ச் சில்லறை எண்ணும் கை இது.
இன்றைக்கு ஒற்றை நோட்டுக்குக் கணக்குத் தெரியாமல்
கோத்தகிரி – ஊட்டி முதல் டிரிப்.

கட்டபெட்டு வரைக்கும் திருவிதாங்கூர்ச் சக்கரம்தான்.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளி.
எண்ணுவதற்கென்றே குழி வெட்டிய பலகை வைத்திருந்தார்களாம்.
தும்மினால் போய்விடும்.
என் தோல்பைக்குள் விழுந்தால்
அடுத்த பொங்கலுக்குத்தான் அகப்படும்.

கேரட் மூட்டைக்கு லக்கேஜ் போடும்போது மனசு மாறியது.
நாயக்கர் காலத்துச் செம்புக்காசு,
ஒரு பக்கம் ஏதோ உருவம், மறுபக்கம் பாதித் தமிழ்.
மீதிப் பாதி எத்தனை மடியில் தேய்ந்ததோ.
ஓட்டைக் காலணா வேண்டாம்,
பதினொன்று கிடக்கிறது வீட்டில்.

மைனலாவில் ஒருவர் பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்தார்.
"இது செல்லாது கண்டக்டர்."
செல்லும் என்றேன். அரசாங்கம் சொல்லியிருக்கிறது என்றேன்.
"அரசாங்கம் எங்க ஊர் டீக்கடைக்கு வருமா?"
தொட்டபெட்டா ஜங்ஷன் வரைக்கும் இதே சண்டை.
பஸ் முழுக்க அவர் பக்கம்.

ஊட்டி மார்க்கெட்டில் இஸ்மத் பாய்க்கு
முன்பக்கம் பூட்டு ரிப்பேர், பின்பக்கம் நாணயம்.
அடுத்த டிரிப்புக்கு முப்பத்தைந்து நிமிஷம்.
சக்கரம் பார்த்தேன், செம்பைப் பார்த்தேன்,
ராஜா தலை போட்ட கால் ரூபாய் வெள்ளியை
விலை கேட்டுவிட்டு மெதுவாகக் கீழே வைத்தேன்.

உடைந்த சாவிகளுக்கு நடுவே கிடந்தது அது.
பித்தளை வட்டம், மேலே ஒரு துளை, எண் நாற்பத்தேழு.
எஸ்டேட் பெயரில் கடைசி எழுத்துகள் மட்டும் மிச்சம்: டேல்.
"டோக்கன்" என்றார் பாய்.
"ஒரு நாள் கூலிக்கு ஒன்று கொடுப்பானாம் தொரை.
அவன் கடையில் அரிசிக்கும் கருவாட்டுக்கும் செல்லும்.
கேட்டைத் தாண்டினால் பித்தளை."

எனக்குத் தெரியாத பொருளா?
நாள் முழுக்கக் கிழித்துக் கொடுக்கிறேனே.
இந்த ஸ்டேஜ் வரை செல்லும்,
ஒரு ஸ்டேஜ் தாண்டினாலும் வெறும் தாள்.
நாற்பத்தேழு அந்த டோக்கனோடு
எந்த பஸ்ஸில் ஏறியிருக்க முடியும்?
யார் இறக்கிவிட்டிருப்பான்?

ஐநூற்றைம்பது என்றார். நாற்பத்தேழை மூடி வைத்தேன்.
முதல் போணி, நானூற்று எண்பது.
நோட்டை நீட்டினேன்.
பாய் மேஜையைத் திறந்தார், மூடினார்,
சட்டைப் பையைத் தட்டினார்.
கடை நிறையக் காசு, நாலு ராஜ்ஜியத்துக் காசு.
"இருபது ரூபாய் சில்லறை இல்லையேப்பா."

தோளில் என் பை குலுங்கியது.
திறந்தால் தீர்ந்துவிடும்.
திறக்கவில்லை.
ஒருநாளாவது பாக்கி வாங்க வேண்டியவனாய்
நின்று பார்ப்போமே.

என்னிடமே ஒரு பழைய டிக்கெட் வாங்கி
பின்னால் எழுதினார்: பாக்கி 20. கையெழுத்து வேறு.

எத்தனை பேருக்கு இப்படி எழுதியிருப்பேன்.
மறந்து இறங்கிப் போகிறவர்களை
கூப்பிட்டுக் கொடுத்ததும் உண்டு.
முதுகைப் பார்த்தபடி
விசில் ஊதியதும் உண்டு.

ராத்திரி விமலேஸ்வரி டோக்கனை விளக்கில் பிடித்துப் பார்த்தாள்.
"செல்லுமா?"
"எங்கேயும் செல்லாது."
"மீதி?"
டிக்கெட்டைக் கொடுத்தேன்.
படித்தாள். திருப்பி இன்னொரு முறை படித்தாள்.
அரிசி டப்பாவைத் திறந்து
அந்த ஐநூறின் மேல் வைத்து மூடினாள்.