ஆறு குழி

கிலோ நாற்பது ரூபாய்க்கு வாங்கியது.
தராசில் வைத்த ஜெகபர் ஒரு நிமிஷம் யோசித்து
"கிரீஸுக்குக் கால் கிலோ கழிச்சுக்கக்கா" என்றார்.
கழித்தோம்.
துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விட்டதாம்,
மேலவீட்டுப் பேரன் கையெழுத்துப் போட்டு, லைசென்ஸ் தாளோடு.
குண்டு வார்க்கும் அச்சுக்கும் தோட்டா அழுத்தும் கட்டைக்கும்
எந்தத் தாளும் வேண்டாம்.
இரும்பு, இரும்பு விலைக்கு.

முத்துப்பேட்டையில் ஈயம் விற்கிற விலைக்கு
ஒரு வீச்சுவலைக்கு நாலு கிலோ கட்டுப்படியாகாது.
நானே வார்த்து, கத்தியால் பிளந்து, நூலைக் கவ்வவைத்தால் மிச்சம்.
அவ்வளவுதான் நினைத்தேன்.

கிரீஸ் என்று சொல்ல முடியாது இதை.
மஞ்சளாய் இருந்து பழுப்பாகிக் கறுத்து
அரக்கு மாதிரி இறுகியிருந்தது.
நகம் வைத்தால் நகம்தான் பெயர்ந்தது.
பெயிண்ட் டப்பாவில் படகு டீசல் ஊற்றி
ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன்.
காலையில் மேலே மிதந்தவை:
ஒரு எறும்பு, இரண்டு உமி,
நகக்கண் அளவு ஒரு இறகு, உள்ளானோ கொக்கோ,
ஒரு நரைமுடி.
முடியை மட்டும் குச்சியால் எடுத்துத் தூர எறிந்தேன்.

"பிளேடு போடாத. குழி கீறினா குண்டும் கீறும்."
கலியபெருமாள் சாப்பிட வந்தவர்
சோற்றை மோந்து பார்த்துவிட்டு எழுந்துபோனார்.
டூத்பிரஷ், ஊக்கு, பழைய வேட்டிக் கிழிசல்.
மூலைக்கு மூலை.

கீல் ஆணியை ஸ்பானரால் திருகிக் கழற்றினேன்.
உள்ளே கிரீஸ் இன்னும் மஞ்சளாகவே இருந்தது,
நேற்று வைத்த மாதிரி, வெண்ணெய் மாதிரி.
வைத்தவன் விரல்ரேகை கூட
பாதி தெரிந்தது.

கூலியில் அரை மரக்கால் கூடக் கேட்ட வருஷம்
வரப்பில் நின்றவர்களில் அப்பா ஏழாவது ஆள்.
தலைக்கு மேலேதான் சுட்டதாகக் கேஸில் இருக்கிறது.
அப்பாவின் இடது தொடை
ஒருநாளும் அத்தனை உயரத்தில் இருந்ததில்லை.

"உள்ளேயே ரவை கெடக்கு, இன்னும் எதுக்கு?" என்று
உப்புமாத் தட்டை நகர்த்துவார்.
எல்லாரும் சிரிப்போம்.
படுக்கையில் கிடந்த எட்டு மாசமும்
துடைத்துவிட்டது நான்.
மிளகைவிடப் பெரிசு, சுண்டைக்காயைவிடச் சின்னது.
அழுத்தினால் தோலுக்கடியில் நழுவும்.

துடைத்த குழியில் சுண்டுவிரலை வைத்தேன்.
அதே அளவு.
அடுத்த குழியில் வைத்தேன்.
கொஞ்சம் பெரிசோ.
ஆறிலும் வைத்துப் பார்த்தாயிற்று,
விரல் சாட்சி சொல்லவில்லை.
ஒத்துப்பார்க்க அதுவும் இல்லை.
ஈயத்தை உருக்குகிற சூடு சிதைக்கு உண்டு.
கோரையாற்றங்கரை மண்ணில்
எங்கே வழிந்து உறைந்ததோ.

சோப்புத்தூள் போட்டுக் கொதிக்கவைத்தேன்.
இரண்டு தண்ணீர்.
எண்ணெய் இல்லாத இரும்பென்றால்
இந்த உப்புக்காற்றுக்கு உயிர்,
ஆறுவதற்குள் ஓரத்தில் செம்மை படர ஆரம்பித்தது.
அச்சை அடுப்பில் காட்டிச் சூடேற்றி,
டயர்க்கடையில் வாங்கிய ஈயத்துண்டுகளை
கைப்பிடி உடைந்த இரும்புக் கரண்டியில் உருக்கி,
காற்றுக்கு முதுகு காட்டி நின்று வார்த்தேன்.
தட்டித் திறந்தேன்.

ஆறு குண்டு.
ஆறுக்கும் முகம் சுருங்கியிருந்தது,
பாலாடை போல மடிப்பு மடிப்பாய்.
"அச்சு காயலே" என்றார் கலியபெருமாள்.
காய்ந்திருந்தது. எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தேன், சுர்ரென்றது.
மறுபடி உருக்கி மறுபடி ஊற்றினேன்.
மறுபடி சுருக்கம்.

எங்கோ இன்னும் எண்ணெய் இருக்கிறது.
காற்றுப் போக வெட்டிய கோடுகளிலா,
இரும்புக்குள்ளேயேவா,
கண்ணுக்குத் தெரியவில்லை, ஈயத்துக்குத் தெரிகிறது.

டப்பாவில் டீசல் கறுத்துக் கிடந்தது.
கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன்.