நாள் மாறும் இடம்

முதலில் எடுத்தது இணைய அனுமதியை.
ஒற்றை வரி. அழித்ததும்
செயலி தன் வாயைத் தைத்துக்கொண்டது.
சென்னியப்பன் கேட்டது அதைத்தான்.
"ஆருக்கும் போகக் கூடாதுங் அம்மிணி.
உங்களுக்குங்கூட."

பல்லடத்தில் எட்டுத் தறி அவருக்கு.
தை மாதம், கோவையில்,
இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட்.
ஊருக்குச் சொன்னது: பழனிக்கு நடைப்பயணம்.
பாவு கொடுக்கிற ஜவுளிக்காரர் காதுக்குப் போனால்
அடுத்த பாவு அடுத்த குடோனில் இறங்கும்.
படுத்த ஆள் எப்போது எழுவான் என்று
யாரும் நூலை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை.

தினம் நாற்பது நிமிடம் நடக்க வேண்டும்.
நாடி, பி.பி., எடை எல்லாம் குறிக்க வேண்டும்.
நோட்டுப் போட்டால் மகன் அதில் லாரி வரைகிறான்.
கிடைக்கிற செயலிகளோ
மெயில் கேட்கின்றன, நண்பர்களைக் கூப்பிடச் சொல்கின்றன,
நடந்த வழியை நீலக் கோடாக இழுத்து
பகிரவா என்கின்றன.

சரவணம்பட்டியில் நான் சம்பளத்துக்கு எழுதுவதும்
அதே ஜாதிதான்.
விரல் பட்ட ஒவ்வொரு இடமும்
எங்கோ ஒரு கணக்கில் ஏறும்.
இதை ராத்திரியில் எழுதினேன்,
பக்கத்துத் தறிச் சத்தத்தில், கூலி பேசாமல்.
ஆறு எண்ணில் ஒரு பூட்டு.
மறந்தால் மீட்க வழியில்லை என்று
சிவப்பு எழுத்தில் எச்சரித்தேன்.
"அப்பச் செரி" என்றார்.

பதினோராம் நாள் போன்.
"நின்னு போவுதுங். பாதில."
எந்தத் திரையில்? என்ன எண் இருந்தது?
"அதச் சொல்லோணுமுங்களா?"
பிழை அறிக்கை அனுப்பும் பொத்தானை
நானேதான் வைக்கவில்லை.
மொட்டை மாடியில் காலை ஆறு மணிக்கு
ஐம்பது முறை நடந்து பார்த்தேன்.
எனக்கு நிற்கவே இல்லை.
"வேணுமுன்னா கூட வந்து பாருங்.
நம்பரப் பாக்காம."

பொங்கலூர் தாண்டி வாய்க்கால் மேடு.
ராத்திரி பதினொன்றே முக்கால்.
கோகிலவாணி அக்கா டார்ச்சோடு முன்னால்,
நடுவில் அவர், கடைசியில் நான்.
தண்ணீர் விடாத மாதம். வாய்க்காலுக்குள்
ஒற்றைச் செருப்பு, யாருடையதோ.
கறிக்கோழி வண்டி ஒன்று ரோட்டில் போக
நாற்றம் கொஞ்ச தூரம் எங்களோடு வந்தது.
போனைச் சட்டைப் பையில்
திரை நெஞ்சைப் பார்க்க வைத்திருந்தார்.

மதகருகே "இப்ப" என்றார்.
மணி பன்னிரண்டு.
அவர் தூக்கிய கால் தரையில் படுவதற்குள்
தேதி மாறியிருந்தது.
ஒரு நடை ஒரே நாளுக்குள் முடியும் என்று
எழுதி வைத்திருக்கிறேன்.
நேற்றுத் தொடங்கியதை இன்றிலிருந்து கழித்து
மைனஸ் வந்ததும் அப்படியே விழுந்திருக்கிறது.
ஒளிந்து நடப்பவருக்கு என்று சொல்லிக்கொண்டு
வெளிச்சத்தில் நடப்பவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

மேட்டிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன்.
கொசு. அக்கா டார்ச் பிடித்தார்.
"ஏனுங், உங்களுக்கு நாள் எப்பத் தொடங்கும்?"
இப்படி ஒரு கேள்வியா என்று சிரித்தார்.
பிறகு நிஜமாகவே யோசித்தார்.
"நாலு மணிக்குங்.
மொத ஷிப்ட்டு ஆளு வந்து மோட்டாரப் போடறப்ப."
நான்கு என்று எழுதினேன்.

இன்று வரை பதினேழு பேர் இறக்கியிருக்கிறார்கள்.
மற்ற பதினாறு பேர் யார்,
எதை மறைத்து, எந்த நேரத்தில் நடக்கிறார்கள்,
தெரியாது.
தெரியாமல் இருப்பதைத்தான் மூன்று மாதம் எழுதினேன்.
நாள் தொடங்கும் மணியை மட்டும்
அவரவர் மாற்றிக்கொள்ளலாம்.

நேற்று கேட்டுக்கு வெளியே நின்று
"வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்" என்றார்.
மூச்சு வாங்குகிறதா என்று
அவர் நெஞ்சுக்குப் போன கண்ணை
பாதியில் திருப்பிக்கொண்டு கேட்டேன்,
தண்ணி எவ்வளவுங்க?
"முழங்காலு மட்டுமுங்."