எட்டு அசை

அறிக்கையின் நான்காவது வரியில் இருந்தது.
டொக்டர் கஹட்டபிட்டிய ஒருதரம் சொன்னார்,
பழகின மாடிப்படியில் ஓடி இறங்குகிறவர் மாதிரி,
கடைசிப் படியில் மட்டும் கால் ஊன்றி: சிஸ்.

லிம்ஃபாஞ்சியோலியோமயோமட்டோசிஸ்.

பெண்களுக்கு வருவதாம். அரிதாம்.
நுரையீரலில் சின்னச் சின்னப் பைகள்.
மிச்சத்தைச் சிங்களத்தில் மெல்லச் சொன்னார்;
சொல் மட்டும் எந்த மொழிக்கும் இறங்கவில்லை.

பதினேழு வருசமாய்க்
கோட்டை நிலையத்தின் தமிழ்க் குரல் நான்.
கொம்பனித்தெரு கொள்ளுப்பிட்டி பம்பலப்பிட்டி
வெள்ளவத்தை தெஹிவளை கல்கிசை
இரத்மலானை மொறட்டுவை பாணந்துறை
எல்லாம் ஒரே மூச்சு.
மிச்ச மூச்சில் ஒரு பிளேன்டீ ஊதி ஆற்றலாம் என்பாள்
சிங்களக் குரல் சுரங்கி.
இப்போது மூச்சு
பம்பலப்பிட்டியிலேயே இறங்கிக்கொள்கிறது.

இரவுப் பணி. கடைசி ரயிலும் போய்விட்டது.
மைக்கை அணைத்துவிட்டு
பழைய நேர அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதினேன்.
சுரங்கி ஆங்கிலத்தில் பிரித்தாள்: பதினொன்று.
விரல் போதாமல்
என் சின்னவிரலைக் கடன் வாங்கினாள்.

உயர்தரத்தில் தமிழ் எடுத்தவள் நான்,
யாப்பு வினாவைத் தொடாமலே விட்டவள்.
இருபத்திரண்டு வருசம் பிந்திக் கோடு போட்டேன்.
எட்டு அசை.
எட்டசையில் ஒரு சீர் எந்தப் பாவிலும் இல்லை.
உடைத்தேன்.

லிம் ஃபாஞ்
நேர் நேர். தேமா.

சியோ லியோ மயோ
நிரை நிரை நிரை. கருவிளங்கனி.

மட் டோ சிஸ்
நேர் நேர் நேர். தேமாங்காய்.

சிரித்ததில் இருமல் வந்தது.
இருமலோடும் சிரித்தேன்.
சுரங்கிக்கு எப்படி விளங்கப்படுத்துவது,
என் நெஞ்சுக்குள்
புறக்கோட்டை நடைபாதைப் பழக்கடை
ஒன்று விரித்துக் கிடக்கிறது என்று.

மூன்று சீர், இரண்டு தரிப்பு.
தேமாவில் நின்று மூச்சு எடுக்கலாம்.
கருவிளங்கனி கொஞ்சம் ஏற்றம், மயோவில் வழுக்கும்.
காய் தானாக உருண்டு வந்துவிடும்.
குளிக்கும்போது சொன்னேன்.
நூறாம் இலக்க பஸ்ஸில்
உதடு அசையாமல் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
என்ன வருத்தம் என்று கேட்டார்
தலை நிமிராத எழுதுவினைஞர்.
சொன்னேன். தரிப்புகளில் நின்று,
ஓர் அசையும் தண்டவாளம் தவறாமல்.
பின்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்,
எத்தனையாம் மேடை என்று கேட்கப்போகிறவர் போல.

அவர் மூன்றே எழுத்தில் குறித்துக்கொண்டார்.
எல். ஏ. எம்.

முழுசா எழுதுங்கோ ஐயா என்றேன்.
அவசரமில்லை.
நான் நின்று நின்று சொல்றன்.