மதிப்பு என்ற கட்டம்

உள்ளங்கை அளவுப் பெட்டி.
பாதி ரொட்டியை வைப்பதுபோல
ஸ்தூர்லா அதை என் மேசையில் வைத்தார்.
"திருப்பி அனுப்பணுமாம்," என்றார்.
"ஆள் போனால் பட்டமும் போகணும். விதி."

தெரியும் எனக்கு.
இந்தத் தீவில் வல்லூறுச் சிலுவை
யாருக்கும் சொந்தமில்லை, இரவல்தான்.
அணிந்தவர் கண்மூடினால்
ரெய்க்யவிக்கில் ஏதோ ஓர் இழுப்பறைக்குத் திரும்பும்,
நூலகப் புத்தகம் மாதிரி.
தாமதக் கட்டணம் மட்டும் கிடையாது.

தராசில் நூற்று எண்பது கிராம்,
பெட்டியும் நீல நாடாவும் சேர்த்து.
படிவத்தில் 'பொருள்' என்ற இடத்தில்
வெள்ளைச் சிலுவை என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: மதிப்பு.
பேனா நின்றுவிட்டது.
காசுக்கும் அந்தச் சொல்தான்,
மனுஷிக்கும் அந்தச் சொல்தான்.

ரன்வேய்க் இருபத்தாறு வருடம்
ஸ்டெய்னவிக் மீட்புக் குழுவை நடத்தினாள்.
நடத்தினாள் என்றால்,
குளியலறைக்குள்ளும் தொலைபேசி.
டீசல் கணக்கு, கயிற்றுக் கணக்கு,
நடுநிசியில் எந்த வீட்டு அடுப்பில்
சூப் சூடாக இருக்கும் என்ற கணக்கு.
ஆண்டுக் கடைசியில் குழுவுக்காக வாணம் விற்பாள்.
பட்டம் வாங்கப் போன வருடமும்
மதியம்வரை விற்றுவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.
சோப்புக்கு அடங்காத டீசல் வாடையோடு நீண்ட கையைத்தான்
குடியரசுத் தலைவர் பிடித்துக் குலுக்கினாராம்.

'மீட்புப் பணிக்கும் ஊர்ப் பணிக்கும்.'
பாராட்டுத் தாளில் ஒரே வரி.
அந்த வரிக்குள் என் தம்பி இல்லை.

பனிச்சரிவின் மூன்றாம் நாள்
எங்கள் வாசலில் பூட்ஸைக் கழற்றி
இரண்டையும் சுவரோரம் சேர்த்து வைத்து
ஈரக் காலுறையோடு சமையலறைக்கு வந்தாள்.
"கிடைத்துவிட்டான்," என்றாள்.
வேறு சொல் அவளுக்கு வரவில்லை.
ஒரு நொடி, ஒரே ஒரு நொடி,
நான் சிரித்துவிட்டேன்.

அந்த நொடிக்காகப் பல வருடம்
அவளை நான் மன்னிக்கவில்லை.
பட்டம் அறிவித்த நாளில் ஊரே கேக் சுட்டது.
விடுமுறை என்றும் பாராமல்
நான் இங்கே வந்து
அஞ்சல் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பூஜ்யம் போடு," என்றார் ஸ்தூர்லா.
"மொத்தம் இரண்டு தடவைதான் குத்திக்கொண்டாள்.
ஒன்று அங்கே.
இன்னொன்று நீச்சல் குளத்துக் கொதிகலன் மறுபடி ஓடிய அன்று,
கம்பளிச் சட்டை மேல், கேலிக்கு.
சட்டையில் ஓட்டை இருக்கிறது.
அதையும் கேட்பார்களா?"

கேட்கமாட்டார்கள் என்றேன்.
கட்டம் காலியாகவே போனது,
நாலு மணி வண்டியில்.

ஆறேகாலுக்கு மேட்டு வளைவில் வண்டி சறுக்கிப்
பள்ளத்தில் சாய்ந்தது.
குழுவில் இப்போது ஏய்வோர்தான் தலைவி.
மீன் ஆலை வேலை உடுப்போடே ஓடினாள்,
கூடப் பள்ளி ஆசிரியர், தச்சர்,
போலந்திலிருந்து வந்த அந்த இரு சகோதரர்கள்.
ஓட்டுநருக்கு மணிக்கட்டில் சுளுக்கு, அவ்வளவுதான்.
எட்டரைக்கு மூட்டைகளை என் வாசலில் இறக்கினார்கள்.
உள்ளே என்ன என்று அவர்களுக்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை.
சூப் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

எல்லாரும் போன பிறகு பார்த்தால்
பெட்டிக்கு ஒன்றுமில்லை,
படிவம்தான் நனைந்து கூழாகியிருந்தது.
புதிது எடுத்தேன். பொருள், எடை.
மதிப்பு: பூஜ்யம், அவர் சொன்னபடி.
பதிவுத் தபால் கட்டணத்தை
என் பையிலிருந்து போட்டேன்.

காலையில் ரசீதைக் கிழிக்கும்போது கவனித்தேன்.
அனுப்புநர் என்ற இடத்தில்
என் பெயர் விழுந்திருந்தது.

அடிக்கவில்லை.