பதினொரு தரம்

விசிறி சுற்றுகிறது.
பச்சை வெளிச்சம் எரிகிறது.
திரையில் மட்டும் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது:
நான் இருக்கிறேன், நைற்றியோடு.
பின்னால் ரியூப் லைற், அதற்கும் பின்னால்
கதவடியில், சேட்டில்லாமல், பவளேந்திரன்.
"அணைச்சுப் போட்டுப் பாத்தனீரா?"
ஐந்து தரம்.

காலை ஒன்பதுக்கு
மீனவர் சங்கத்துக் கணக்குப் போக வேண்டும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் கடன்,
வலை, எஞ்சின், மண்ணெண்ணெய் மானியம்,
எல்லாம் அந்தக் கறுப்புக்குள்.

வயர்களைக் கழற்றி மாட்டினோம்.
மொனிற்றரின் கன்னத்தில் தட்டினார்,
ரேடியோ காலத்துப் பழக்கம்.
யதுசிகா தூக்கத்தில் புரண்டு
"நான் தொடேல்லை" என்றாள்.
யாரும் அவளைக் கேட்கவில்லை.

நளீமுக்கு ஃபோன் எடுத்தேன்.
கடை பூட்டு; கிண்ணியாவில் மச்சானின் கலியாணம்.
"சத்தம் வருதா அக்கா? எத்தின தரம்?"
ஃபோனைப் பெட்டியோடு அணைத்து வைத்தேன்.
நீளமாய் மூன்று கூவல்.
"றாம்தான். உவர்மலைதானே நீங்க, பேரிலேயே உப்பு.
கழட்டி, அழிறப்பரால தேயுங்க.
முதல்ல பிளக்கை உருவுங்க,
கணக்கை விட நீங்க முக்கியம்."

பக்கத் தகட்டைத் திறந்தால்
பல்லிமுட்டை ஒன்று, பாதி ஓடு.
பஞ்சாய்த் திரண்ட தூசி, கொஞ்சம் ஈரம்.
விரலில் ஒற்றி நாக்கில் வைத்தேன்.
கரித்தது.
முன்வீட்டார் மூன்றாம் மாடி எழுப்பியதிலிருந்து
துறைமுகம் எங்களுக்குத் தெரிவதில்லை.
கடல் இந்த வழியால் வந்திருக்கிறது.

யதுசிகாவின் பையிலிருந்து எடுத்த அழிறப்பர்,
ஸ்ட்ரோபெரி மணம், ஒரு மூலை கடித்தது.
அவர் டோர்ச் பிடிக்க நான் தேய்த்தேன்.
கறுத்துக் கிடந்த சின்னத் தங்கப் பற்கள்
ஒவ்வொன்றாய் வெளுத்தன.
"மற்றப் பக்கமும்" என்றார்.
மதிலுக்கு வெளியே மான் ஒன்று
யாருடையதோ குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டிருந்தது.

இரண்டு கொக்கியும் டக்கென்று விழும்வரை
அமத்தினேன்.
ஒரே ஒரு கூவல். குட்டையாய்.
திரை சாம்பலாகி, அசைந்து,
எழுத்து வந்தது.
கைதட்டப் போனவர்
பிள்ளையை நினைத்து நிறுத்தினார்.

நேரம் பிழை என்றது.
உள்ளே குற்றிக்காசு அளவில் ஒரு பற்றரி,
அது செத்துப்போயிற்று.
அதன் கணக்கில் இன்று
இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று.
அழிறப்பரின் சொந்தக்காரி
இன்னும் பிறக்கவே இல்லை.

வருடத்தின் மேல் நின்று
கூட்டல் அடையாளத்தை அமத்த வேண்டும்,
ஒரு அமத்தலுக்கு ஒரு வருடம்.
மூன்று.
நாலு.
விரல் நின்றது.
அந்த டிசம்பரை அது கேட்கவில்லை.
வருடத்தை மட்டும்தான் கேட்டது.
நாங்கள் அப்போது உவர்மலையில் இல்லை,
கீழே, கரையில் இருந்தோம்.
இத்தனை பேர் இருக்கவில்லை எங்கள் வீட்டில்,
இதைவிடக் கூட இருந்தோம்.
டோர்ச்சை அவர் இன்னும் அணைக்கவில்லை.
திரைக்கு வெளிச்சம் தேவையில்லை என்று
நானும் சொல்லவில்லை.
"அமத்தும்" என்றார்.

ஐந்து, யதுசிகா.
ஆறு ஏழு எட்டு ஒன்பதை
அவரே குனிந்து அமத்தினார், விறுவிறென்று,
கதவு தட்டப்படுமுன் விளக்கை ஊதுகிறவர்போல.
பத்து. பதினொன்று. பன்னிரண்டு.
பதின்மூன்று.

விடியப்புறம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும்
பிழையில்லாமல் அச்சில் ஏறினார்கள்.
பற்றரி நூற்றெண்பது ரூபாயாம்.
கொண்டுவந்து போட்டுத் தருவதாக
நளீம் இரண்டு தரம் எடுத்துவிட்டான்.
பார்ப்போம் என்றேன்.

இடி மின்னல் காலம்,
இரவில் பிளக்கை உருவிவிட்டே படுக்கிறோம்.
காலையில் மறுபடியும் இரண்டாயிரத்து இரண்டு.
தேத்தண்ணி ஆறமுதல் பதினொரு தரம்.
சில நாள் நான், சில நாள் அவர்.
நாலில் எவ்வளவு நேரம் நின்றது என்று
மற்றவர் கேட்பதில்லை.